அஞ்சற்பெட்டியின் பூட்டு

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, நகரை விட்டு நீங்கியதும் வாவியைக் கடக்கின்றது. அவ்விடத்திலே 1920களில் பிரித்தானிய ஆட்சியாளர் அமைத்த இரும்புப் பாலம் லேடி மனிங் பாலம் எனப் பெயர் பெற்றது. ஊர் மக்கள் அதனைக் கல்லடிப் பாலம் என்றே வழங்கினர். அதன் அகலம் ஒரு வண்டிக்கே போதுமானது. ஒரு கரையிலிருந்து பஸ் ஒன்று பாலத்தில் ஏறிவிட்டால், மறுகரையில் வந்து சேரும் நெல் லொறி அது இறங்கும் வரையிற் காத்து நிற்க வேண்டியதே. 2013ஆம் ஆண்டில் அகன்ற புதுப் பாலம் அதன் பக்கத்தே திறக்கப்படும் வரையில், காத்தான்குடியாரும் கல்முனையாரும் அக்கரைப்பற்றாரும் தலைமுறை தலைமுறையாக இவ்வாறு காத்து நின்றனர்.

காத்து நிற்பது வீண் என்று எவரும் எண்ணவில்லை. இரு வண்டிகள் பாலத்தின் நடுவே எதிரெதிராக வந்து முட்டிக்கொண்டால் இரண்டுமே நகரமாட்டா என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். இதே சங்கடம் கணினிக்குள்ளும் உண்டு. ஒருவருக்கு வரும் மின்னஞ்சல்கள் சேர்ந்து கிடக்கும் அஞ்சற்பெட்டியில் இரண்டு நிரல்கள் ஒரே வேளையில் எழுத முனைந்தால் என்ன ஆகும் என்பது, மின்னஞ்சல் தோன்றிய நாள் தொட்டு அறிஞரை வருத்திய வினாவாகும். பாலத்தில் நேரும் மோதல் ஊருக்கே கேட்கும். அஞ்சற்பெட்டியில் நேரும் மோதலோ ஒருவர் காதிலும் விழாது. இதுவே அதன் கொடுமை.

முதலில் அஞ்சற்பெட்டி என்பது யாது எனக் காண்போர், அது மிக எளிய பொருள் என்பதை உணர்வர். 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரே தொம்லின்சன் என்னும் பொறியியலாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். முகவரியின் நடுவே இன்று யாவரும் இடும் சுழிக்குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அவர் காலத்து அஞ்சற்பெட்டி, குறித்த பெயர் கொண்ட ஒரு சாதாரணக் கோப்பு, அவ்வளவே. பிறர் அதன் அடியிற் சேர்த்து எழுதலாம், ஆனால் வாசிக்க முடியாது என்பது ஒன்றே அதன் சிறப்பு. தபாற் கந்தோர் வாசலில் நிற்கும் சிவப்புப் பெட்டியும் அத்தகையதன்றோ! யாரும் கடிதம் இடலாம், எடுப்பதற்கு மட்டும் சாவி வேண்டும்.

அதே 1971ஆம் ஆண்டிலேயே பெல் ஆய்வுகூடத்தார் ஆக்கிய யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையிலும் கடிதம் அனுப்பும் கட்டளை இடம் பெற்றது. அங்கும் ஓர் ஆளுக்கு ஒரு கோப்பு. வரும் கடிதங்கள் அனைத்தும் அக்கோப்பின் அடியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்படும். கடைக்காரர் வைத்திருக்கும் நீண்ட கணக்குப் பேரேட்டைப் போன்றது இது. ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை அறிவிக்க, அனுப்பியவர் யார் என்று கூறும் 'ஃப்ரம்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் ஒரு வரி இடப்பட்டது. கடிதம் எழுதுவோர் தம் வாசகத்திலேயே ஒரு வரியை அச்சொல்லால் தொடங்கிவிட்டால் குழப்பம் நேருமாதலின், நிரல்கள் அவ்வரியின் முன் ஓர் அம்புக்குறியைச் செருகிவிடும். பழைய மின்னஞ்சல்களில் அச்சொல்லின் முன் காரணமின்றித் தோன்றும் அம்புக்குறியைக் கண்டு வியந்தோர் பலர். அது எழுதியவரின் பிழையன்று, பேரேட்டின் வழக்கம். 'எம்பொக்ஸ்' எனப்படும் இவ்வமைப்பு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதாச் சட்டமாகவே வழங்கி வந்து, 2005ஆம் ஆண்டிலேதான் இணைய நெறியாவணம் ஒன்றில் முறைப்படி விவரிக்கப்பட்டது.

இனி, ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடைவை வியாபாரி. மருதமுனைத் தறிகளில் நெய்த சாரமும் சேலையும் விற்பவர். மகன் சவூதியில் வேலை செய்கின்றான். வியாபாரி காலையிற் கணினியைத் திறக்கின்றார். அஞ்சல் வாசிக்கும் நிரல் அவருடைய கோப்பை முழுமையாகப் படித்து, அதிலுள்ள 40 கடிதங்களையும் நினைவிற் கொள்கின்றது. அவர் பத்தினை வேண்டாம் என்று கழிக்கின்றார். இப்போது நிரல் செய்ய வேண்டியது, எஞ்சிய 30 கடிதங்களையும் கோப்பில் மீண்டும் முதலிலிருந்து எழுதுவது. நெடிய கோப்பின் நடுவே சில வரிகளைப் பிடுங்கி எறிய வழியில்லை, முழுவதையும் திரும்ப எழுதியே ஆக வேண்டும்.

அது எழுதத் தொடங்குவதற்குச் சற்று முன்னர் மகனின் கடிதம் வந்து சேர்கின்றது. கடிதம் சேர்க்கும் நிரல் வேறு, வாசிக்கும் நிரல் வேறு. சேர்க்கும் நிரல் கோப்பின் அடியில் 41ஆவது கடிதத்தை ஒழுங்காக எழுதிவிட்டு, கடிதம் கிடைத்தது என அனுப்பிய கணினிக்கு ஒப்புதலும் கொடுத்துவிடுகின்றது. மறுகணம் வாசிக்கும் நிரல், தான் அறிந்த 30 கடிதங்களைக் கோப்பின் மேல் எழுதுகின்றது. 41ஆவது கடிதத்தை அது அறியாது. அறியாததை எழுதவும் மாட்டாது. மகனின் கடிதம் அழிந்தது.

இதிலே தவறு செய்தவர் யார்? சேர்த்த நிரல் தன் கடமையைச் செய்தது. வாசித்த நிரலும் தன் கடமையைச் செய்தது. மகனோ கடிதம் போய்ச் சேர்ந்தது என்றிருக்கின்றான். தகப்பனார், "மகன் ஏன் இன்னும் எழுதவில்லை?" என்றிருக்கின்றார். "வாப்பா ஏன் பதில் போடவில்லை?" என்று மகன் மனம் நோகின்றான். தபாற்காரர் கையில் ஒரு கடிதம் தொலைந்தால், விசாரிக்க ஒரு கந்தோரேனும் உண்டு. இங்கே தொலைந்தது என்பதற்கே தடயம் இல்லை.

வேறொரு விதமாகவும் கேடு நேரலாம். இரு கடிதங்கள் ஒரே நொடியில் வந்து, இரண்டு சேர்க்கும் நிரல்கள் ஒரே கோப்பின் அடியில் எழுதப் புகுந்தால், ஒன்றன் வரிகளுக்கிடையே மற்றொன்றன் வரிகள் புகுந்துவிடும். வங்கிக் கணக்கறிக்கையின் நடுவே கலியாண அழைப்பிதழ்! இது நகைப்புக்குரியதாயினும், கண்ணுக்குத் தெரிகின்ற கேடு என்பதால் ஒருவாறு நன்றே.

இத்தகைய மோதல் நாள்தோறும் நேர்வதன்று. கடிதங்கள் அரிதாக வரும்போது ஆயிரத்தில் ஒன்றும் நேராது. கடிதங்கள் வெள்ளமாகக் குவியும் வேளையிலேதான் வாய்ப்பு மிகும். அவ்வேளையே கடிதங்கள் மிக மிக வேண்டப்படும் வேளையாகவும் இருந்துவிடுகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையைச் சூறையாடியபோது, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கடலோரக் குடியிருப்புகள் தரைமட்டமாயின. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அந்நாள்களில், உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்று அறியத் துடித்தவர்களுக்கு ஒற்றை வரிக் கடிதத்தின் பெறுமதி என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பூட்டு வேண்டும். ஒரு நிரல் அஞ்சற்பெட்டியைத் தொடுமுன் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறிதொரு நிரல் பூட்டைக் கண்டு காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் முதல் நிரல் பூட்டைத் திறந்துவிட வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆயினும் இந்தப் பூட்டை எவ்வாறு செய்வது என்பதிலேதான் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது.

மிகப் பழைய வழி, அஞ்சற்பெட்டிக் கோப்பின் பக்கத்தில் அதே பெயரோடு ஒரு புள்ளியும் 'லொக்' என்னும் சொல்லும் சேர்த்த இன்னொரு சிறு கோப்பை வைப்பது. அச்சிறு கோப்பு இருந்தால் பெட்டி பூட்டப்பட்டது என்று பொருள், இல்லாவிட்டால் திறந்துள்ளது என்று பொருள். கதவிலே தொங்கவிடும் ஓலைத் துண்டு போன்ற அடையாளம். இதனைப் புள்ளிப் பூட்டு என்பர்.

ஆனால் இந்த ஓலைத் துண்டை வைப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு நிரல் முதலிற் பூட்டுக்கோப்பு இருக்கின்றதா என்று பார்க்கின்றது. இல்லை. சரி, உண்டாக்கலாம் என்று முனைகின்றது. பார்த்ததற்கும் உண்டாக்குவதற்கும் இடையே கண்ணிமைப்பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் கழிகின்றது. அந்த இடைவெளியில் மற்றொரு நிரலும் பார்த்து, இல்லை என்று கண்டு, தானும் உண்டாக்குகின்றது. இரண்டுமே பூட்டு தம்முடையது என்று எண்ணிக்கொண்டு பெட்டிக்குள் கைவிடுகின்றன. பூட்டு இருந்தும் இல்லாததாயிற்று.

இந்த நுட்பத்தைக் கணினி அறிஞருக்கு முன்னரே, பேரிழப்புக் கொடுத்துக் கற்றவர்கள் ரயில் பாதைக்காரர். 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி, இங்கிலாந்தில் நோரிச் நகருக்கு அண்மையில் தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு ரயில்கள் எதிரெதிராக ஓடி மோதின. 25 பேர் மாண்டனர். ஒற்றைப் பாதையின் இரு முனையிலும் இருந்தவர்கள் தந்தி மூலம் ஒருவரோடொருவர் பேசியே ரயில்களை விட்டனர். தந்தியில் நேர்ந்த ஒரு தவறான செய்தியால் இரு முனையிலிருந்தும் ரயில்கள் புறப்பட்டுவிட்டன. "பாதை வெறுமையாக உள்ளதா?" என்று கேட்பது ஒரு செயல், ரயிலை விடுவது இன்னொரு செயல். இவ்விரண்டுக்கும் இடையே தவறு புகுந்தது.

இதன் பின்னர் எட்வர்ட் தையர் என்பவர் 1878இல் ஓர் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இரு நிலையங்களிலும் மின்கம்பியாற் பிணைக்கப்பட்ட இரு கருவிகள். அவற்றுள் 'தப்லெட்' எனப்படும் உலோக வட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு கருவிகளையும் சேர்த்து ஒரு வேளையில் ஒரே ஒரு வட்டைத்தான் வெளியே எடுக்க முடியும். எடுத்த வட்டை மீண்டும் ஏதாவது ஒரு கருவியில் இட்டாலன்றி அடுத்தது வெளிவராது. வட்டைக் கையில் வாங்காமல் சாரதி அந்தப் பாதையில் வண்டியை ஓட்டக்கூடாது. இங்கே கேட்பதும் பெறுவதும் ஒரே செயலாயின. வட்டு கிடைத்ததே விடை. இலங்கை ரயில்வேயின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவந்த ஏற்பாடும் இதுவே. கல்முனையில் ரயில் இல்லை. கொழும்புக்கு ரயிலேறக் கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்புக்குப் போகும் பிரயாணி, வழியிலுள்ள நிலையங்களில் மேடையில் நிற்பவர் சாரதியின் கையில் வளையம் ஒன்றை மாட்டிவிடும் காட்சியைக் கண்டிருக்கக்கூடும். அவ்வளையத்தோடு இணைந்த பைக்குள் இருப்பது அந்த வட்டே.

கணினி இயலில் இப்பொருளுக்கு முறையான ஆராய்ச்சியைத் தொடக்கிவைத்தவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஒருவர் உள்ளே இருக்கையில் மற்றவர் புகாதிருக்கும் முறையைக் குறித்து 1965இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை புகழ் பெற்றது. அவர் வகுத்த கருவிக்குச் சூட்டிய பெயரும் ரயில் பாதையின் கைகாட்டி மரத்தின் பெயரே.

தையரின் வட்டுக்கு நிகரான ஒன்றை யுனிக்ஸ் முறைமை தருகின்றது. "இக்கோப்பை உண்டாக்கு, ஏற்கெனவே இருந்தால் தோல்வி என்று சொல்" என்பது ஒரே கட்டளை. பார்ப்பதும் உண்டாக்குவதும் பிளவுபடாத ஒற்றைச் செயலாக முறைமையின் கருவகத்துள்ளேயே நிகழும். நூறு நிரல்கள் ஒரே நொடியில் இக்கட்டளையை இட்டாலும் ஒன்றுக்கே வெற்றி, தொண்ணூற்றொன்பதுக்குத் தோல்வி. தோற்றவை சிறிது பொறுத்து மீண்டும் முயலும்.

இவ்வளவோடு சிக்கல் தீர்ந்தது என்று எண்ணியிருந்த வேளையிலே, 1980களில் வலைப்பின்னற் கோப்புமுறை வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய இம்முறையால் ஒரு கணினியின் வட்டிலுள்ள கோப்புகளைப் பல கணினிகள் தம்முடையவை போலவே கையாள முடிந்தது. ஒரு பல்கலைக்கழகத்தை எண்ணிப் பார்க்கலாம். 1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுமை பெற்று ஒலுவிலில் நிலைகொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்று. கட்டடத்துக்குக் கட்டடம் கணினிகள். அஞ்சற்பெட்டிகள் யாவும் பொதுவான ஒரு வட்டில். கடிதம் சேர்ப்பது ஒரு கணினி, வாசிப்பது இன்னொரு கணினி. இம்முறையின் தொடக்கப் பதிப்புகளில், "இல்லாவிட்டால் உண்டாக்கு" என்னும் கட்டளை மீண்டும் இரண்டாகப் பிளந்துவிட்டது. தூரத்துக் கணினி முதலில் உண்டா என்று கேட்கும், பின்னர் உண்டாக்கும். பழைய பொறி புதுக் கோலத்தில் திரும்பி வந்தது.

இதற்குக் கண்ட வழி கேட்டு மகிழத்தக்கது. நிரல் முதலில் வேறெவரும் வைக்க முடியாத ஒரு தனிப் பெயரில் ஒரு சிறு கோப்பை உண்டாக்கும். கணினியின் பெயர், நிரலின் இலக்கம், நேரம் ஆகியவற்றைச் சேர்த்து அப்பெயர் அமையும். பின்னர் அக்கோப்புக்குப் பூட்டின் பெயரை இரண்டாவது பெயராகச் சூட்ட முயலும். ஒரு கோப்புக்கு இரு பெயர் வைக்கலாம் என்பது யுனிக்ஸின் வழக்கம். இப்பெயர்சூட்டல், வலைப்பின்னலிலும் பிளவுபடாத ஒற்றைச் செயல். பூட்டின் பெயரை ஏற்கெனவே வேறொன்று கொண்டிருந்தால் சூட்டல் நிகழாது. இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. சூட்டல் வெற்றியாக முடிந்தும், "வெற்றி" என்னும் மறுமொழி வழியிலே தொலைந்துபோகலாம். கணினி மீண்டும் கேட்கும். அப்போது "அப்பெயர் ஏற்கெனவே உள்ளது" என்று மறுமொழி வரும். தானே வைத்த பூட்டைப் பிறர் வைத்தது என்று நிரல் மயங்கும். ஆதலின் மறுமொழியை நம்பாமல், தன் தனிக்கோப்புக்கு இப்போது எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பார்க்கும். இரண்டு என்றால் பூட்டு தன்னுடையது. பிறர் வாய்மொழியை விடுத்துத் தன் கையிலுள்ளதை எண்ணிப் பார்க்கும் இம்முறை, இன்றும் கையேடுகளில் விதிக்கப்பட்டுள்ளது.

பூட்டை இடுவதைவிடப் பெருந்தொல்லை, திறக்க ஆளில்லாமற் போவது. பூட்டிய நிரல் நடுவில் இறந்துபோனாலோ மின்சாரம் அற்றுப்போனாலோ பூட்டுக்கோப்பு அப்படியே கிடக்கும். இறந்தவர் மடியில் சாவி! அந்தப் பெட்டிக்குக் கடிதம் வந்துகொண்டேயிருக்கும், ஒன்றும் உள்ளே நுழையமாட்டாது. மின்சாரம் அடிக்கடி அற்றுப்போகும் ஊர்களில் இது புத்தகத்துப் பிரச்சினையன்று. இதற்காகவே பூட்டுக்கு வயது வரையறை வகுத்தனர். லினக்ஸ் முறைமைகளில் வழங்கும் பூட்டு நூலகம் ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட பூட்டைப் பழம்பூட்டு எனக் கொண்டு நீக்கிவிடும். புகழ்பெற்ற புரொக்மெயில் நிரல் 1,024 விநாடி பொறுக்கும். நெடுநேரம் வேலை செய்ய வேண்டிய நிரல், தன் பூட்டை இடையிடையே தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். பூட்டுக்கோப்பினுள்ளே தன் இலக்கத்தை எழுதி வைப்பதும் உண்டு. அந்த இலக்கமுடைய நிரல் உயிரோடில்லை என்று கண்டால் பிறர் பூட்டை உடைக்கலாம்.

உடைப்பதிலும் பொறி! இரு நிரல்கள் ஒரே வேளையில் பழம்பூட்டைக் காண்கின்றன. முதலாவது அதை நீக்கிவிட்டுத் தன் புதுப் பூட்டை இட்டு வேலையைத் தொடங்குகின்றது. இரண்டாவது, தான் முன்பு கண்ட பழம்பூட்டையே நீக்குவதாக எண்ணி, அந்தப் புதுப் பூட்டை நீக்கிவிட்டு உள்ளே நுழைகின்றது. சில நிரல்கள் பூட்டை உடைத்ததும் சில நொடி வாளாவிருந்து பின்னரே முயல்வதற்குக் காரணம் இதுவே. முழுமையான மருந்தன்று, தணிப்பு மருந்து.

இத்தொல்லைகளைக் கண்ட முறைமை வகுப்போர், பூட்டும் வேலையைக் கருவகத்திடமே ஒப்படைக்க எண்ணினர். 1983இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸில் ஒரு வகைப் பூட்டும், சிஸ்டம் ஃபைவ் என்னும் மற்றக் கிளையில் இன்னொரு வகைப் பூட்டும் தோன்றின. முன்னது 'எஃப்லொக்' எனவும் பின்னது 'எஃப்கன்ட்ரோல்' எனவும் வழங்கும். இவற்றின் பெருநன்மை, நிரல் இறந்தால் அதன் பூட்டு தானே அவிழ்வது. பழம்பூட்டு என்னும் பேச்சுக்கே இடமில்லை. எனினும் பின்னதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு நிரல் ஒரே கோப்பை இரண்டு தரம் திறந்து, ஒன்றை மூடினால், மற்றதன் வழி இட்ட பூட்டும் சேர்ந்து அவிழ்ந்துவிடும். இது பிழையாக நேர்ந்ததன்று, நெறியாவணமே அவ்வாறு விதிக்கின்றது. ஏன் அவ்வாறு விதித்தனர் என்று வியந்து நொந்த நிரலாளர் பலர்.

இன்னுமொன்று. இவ்விருவகைப் பூட்டும், புள்ளிப் பூட்டும், இரும்புப் பூட்டுகள் அல்ல. பூட்டு இருக்கின்றதா என்று கேளாமல் நேரே கோப்பில் எழுதும் நிரலை அவை தடுக்கமாட்டா. எல்லா நிரல்களும் கேட்டு நடந்தாலே காவல் உண்டு. அறிவுரைப் பூட்டு என்பது இதன் பெயர்.

அம்பாறை மாவட்டத்து வேளாண்மைக்காரருக்கு இது புதிதன்று. கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் சேனநாயக்க சமுத்திரத்து நீரைக் கிழக்கே கரையோர வயல்கள் வரை கொண்டுவருகின்றன. மேல்மடையார் தம் முறை கடந்தும் நீரை எடுத்தால் கடைமடையார் வயல் காயும். மதகுக்குக் கதவும் பூட்டும் இருந்தும், பொறுமையிழந்தவர் கதவையே உடைத்த நாள்கள் உண்டு. 1981 தொடக்கம் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொவ் முதலியோரும் சேர்ந்து இடதுகரையில் விவசாயக் குழுக்களை அமைக்க உதவினர். குழுக்கள் தாமே முறை வைத்து நீரைப் பங்கிட்டபோது, கடைமடைக்கு நீர் சென்றது. இரும்பை வலுப்படுத்தியதால் அன்று, முறைக்கு அனைவரும் இசைந்ததால். அஞ்சற்பெட்டியைத் தொடும் நிரல்களின் நிலையும் இத்தகையதே. ஒன்று இசையாவிட்டாலும் மற்றவற்றின் ஒழுங்கு பயனற்றுப்போகும்.

இசைவிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சேர்க்கும் நிரல் புள்ளிப் பூட்டை மட்டும் மதிக்கின்றது, வாசிக்கும் நிரல் கருவகப் பூட்டை மட்டும் மதிக்கின்றது என்று கொள்ளலாம். இரண்டும் ஒழுக்கமானவை, ஆயினும் ஒன்றையொன்று காணமாட்டா. ஆதலின் பலர் இரண்டு பூட்டையும் இடத் தொடங்கினர். அப்போது, ஒரு நிரல் முதலிற் புள்ளிப் பூட்டை இட்டுக் கருவகப் பூட்டுக்குக் காத்திருக்க, மற்றது முதலிற் கருவகப் பூட்டை இட்டுப் புள்ளிப் பூட்டுக்குக் காத்திருந்தால்? இரண்டும் ஊழிக்காலம் வரை காத்திருக்கும். கல்லடிப் பாலத்து நடுவில் எதிரெதிராக நிற்கும் இரு வண்டிகளின் கதி. இதனைத் தவிர்க்க, டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டார் தம் விதிநூலிலே வரிசையையே விதித்துவிட்டனர். முதலிற் கருவகப் பூட்டு, அதன் பின்னரே புள்ளிப் பூட்டு; ஒன்று கிடைக்காவிட்டால் பிடித்ததையும் விட்டுவிட்டுச் சிறிது பொறுத்து மீண்டும் முயல வேண்டும், பிடித்தபடி காத்திருத்தலாகாது.

இலங்கையில் மின்னஞ்சல் காலூன்றிய 1990களின் தொடக்கத்தில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு எழுந்த லேர்ன் வலைப்பின்னல், தொலைபேசி வழியே கடிதங்களைக் கொண்டு சென்றது. அக்காலத்துத் தொலைபேசி வழி அஞ்சல் முறைகள் பலவற்றில் இன்னொரு பூட்டும் உண்டு. இருப்பது ஒரே தொலைபேசிக் கம்பி. இரு நிரல்கள் ஒரே வேளையில் அதில் இலக்கம் சுழற்றலாகாது. ஆகவே கம்பிக்கும் ஒரு பூட்டுக்கோப்பு வைக்கப்பட்டது. கடிதம் பெட்டியில் விழுமுன்னரே ஒரு பூட்டைக் கடந்துதான் வந்தது.

பூட்டுகளின் மேல் பூட்டுகளாகக் குவிந்த நிலையிலே, 1990களின் நடுவில் டானியல் பேர்ன்ஸ்டீன் என்னும் கணித அறிஞர் வேறொரு கேள்வியைக் கேட்டார். பல கடிதங்களை ஒரே கோப்பில் எதற்காகத் திணிக்க வேண்டும்? தாம் ஆக்கிய கியூமெயில் என்னும் அஞ்சல் நிரலோடு, 'மெயில்டிர்' என்னும் புதிய பெட்டி முறையையும் அவர் தந்தார். இதிலே ஒவ்வொரு கடிதமும் தனித் தனிக் கோப்பு. பெட்டி என்பது மூன்று அறைகள் கொண்ட ஓர் அடைவு. முதல் அறை, கடிதம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் தற்காலிக அறை. இரண்டாவது, புதிதாக வந்த கடிதங்களின் அறை. மூன்றாவது, உரியவர் கண்ட கடிதங்களின் அறை.

சேர்க்கும் நிரல், நேரம், தன் இலக்கம், கணினியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து வேறெதற்கும் இல்லாத பெயரில் முதல் அறையில் கடிதத்தை எழுதும். முழுவதும் எழுதி முடித்து, வட்டிற் பதிந்தது உறுதியான பின்னரே அதனை இரண்டாவது அறைக்கு மாற்றும். அம்மாற்றம் ஒற்றைச் செயல். ஆகவே வாசிக்கும் நிரலின் கண்ணில் அரைகுறைக் கடிதம் ஒருபோதும் படாது. ஒன்று, முழுக் கடிதம் இருக்கும், அன்றேல் எதுவுமே இராது. நடுவில் மின்சாரம் அற்றால் முதல் அறையில் ஓர் அரைக் கடிதம் கிடக்கும். அதனை ஒருவரும் பாரார். நாள் கழிந்தபின் குப்பையாகக் கூட்டித் தள்ளப்படும். அனுப்பிய கணினிக்கோ ஒப்புதல் கொடுக்கப்படவில்லையாதலின், அது கடிதத்தை மீண்டும் அனுப்பும். வியாபாரியின் மகன் எழுதிய கடிதம் இம்முறையில் அழிந்திராது. வாசிக்கும் நிரல் கழிக்கின்ற பத்துக் கடிதங்களும் பத்துக் கோப்புகள். 41ஆவது கடிதத்தை அது தொடவே காரணமில்லை.

கல்லடியில் 2013இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே எனலாம். காத்திருக்கும் விதியைத் திருத்துவதை விட்டுப் பாதையை அகலமாக்கினர்.

எனினும் இதற்கும் விலை உண்டு. பத்தாயிரம் கடிதம் என்றால் பத்தாயிரம் கோப்பு. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நீண்ட பட்டியலைப் படிக்க வேண்டும். பழைய கோப்புமுறைகள் இதனாற் களைத்துப்போயின. படியெடுத்து வைப்பதற்கும் ஒரு பெருங்கோப்பே எளிது. ஆதலாற் பழைய முறை மறையவில்லை. லினக்ஸ் கணினிகளில் முறைமை தன் நிர்வாகிக்கு எழுதும் அறிக்கைகள் இன்றும் பல இடங்களில் அந்த ஒற்றைக் கோப்பின் அடியிலேயே சேர்கின்றன. தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் வாசிப்பான் தன் கடிதங்களை இயல்பாக வைப்பதும் அந்தப் பேரேட்டு வடிவிலேயே.

பூட்டில்லாப் பெட்டி என்று பெயர் பெற்ற மெயில்டிரிலும், பின்வந்தவர்கள் பூட்டை முற்றாக விலக்க முடியவில்லை. பின்லாந்தைச் சேர்ந்த திமோ சிரைனென் 2002இல் வெளியிடத் தொடங்கிய டொவ்கொட் என்னும் அஞ்சல் வழங்கி, ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறாத வரிசை இலக்கம் ஒன்றைக் கொடுக்க வேண்டியுள்ளது. கைத்தொலைபேசியும் மேசைக் கணினியும் ஒரே கடிதத்தை ஒரே இலக்கத்தால் அறிதற்கு இது இன்றியமையாதது. இரண்டு கடிதங்களுக்கு ஒரே இலக்கம் விழலாகாதே! ஆகவே அவ்விலக்கங்களின் பட்டியல் ஒரு தனிக் கோப்பில் இருக்கின்றது. அதனை எழுதுமுன் டொவ்கொட் பக்கத்தில் ஒரு சிறு கோப்பை உண்டாக்குகின்றது. அதன் பெயரின் முடிவில் ஒரு புள்ளியும் 'லொக்' என்னும் சொல்லும் நிற்கின்றன.